சீட்டில் விழும் ஒற்றை வரி

மனநலப் புறநோயாளிப் பிரிவில் 'பார்டர்லைன்' (உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் அலைபாயும் ஆளுமைக் கோளாறு) என்பது நோய்ப்பெயராகப் புழங்குவதைவிட வசவாகப் புழங்குவதே அதிகம். கையைக் கீறிக்கொண்டு நள்ளிரவில் வந்தவர், வார்டில் கத்தியவர், இரண்டு டாக்டர்களை விட்டுவிட்டு மூன்றாமவரிடம் வந்தவர் என்று யாரானாலும், அலுத்துப்போன கை அந்த வார்த்தையைச் சீட்டில் எழுதிவிடுகிறது. பிறகு அவர் நிஜமான நெஞ்சுவலியோடு வந்தாலும் 'பழைய நாடகம்' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

முதல் நாளே அப்படி எழுத, நோயின் வரையறையே இடம் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப்பட்டியல்படி சிக்கல் குறைந்தது 2 ஆண்டுகள் நீடித்திருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் முயற்சியில் உருவான, ஆளுமைக் கோளாறைக் கண்டறியும் கேள்விகள் கொண்ட ஐபிடிஇ நேர்காணல் இன்னும் கறார்: 5 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும், ஓர் அறிகுறியாவது 25 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். அதோடு, பல உறவுகளிலும் பல இடங்களிலும் ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வர வேண்டும். மாமியாரோடு மட்டும் ஒத்துப்போகாத மருமகளுக்கு ஆளுமைக் கோளாறு கிடையாது.

முதல் அமர்வின் வேலை, மற்ற நோய்கள் உண்டா என்று பார்ப்பது. கடும் மனச்சோர்வில் இருப்பவரிடம் வினாத்தாளை நீட்டினால், 'நான் எதற்கும் லாயக்கில்லை', 'யாருக்கும் என்னைப் பிடிக்காது' எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுவார். தவிர்க்கும் ஆளுமை (நிராகரிப்புக்குப் பயந்து ஒதுங்குவது), சார்ந்திருக்கும் ஆளுமை (எதற்கும் பிறரையே நம்பி நிற்பது) என்ற இரண்டு கோளாறுகளும் அவருக்கு இருப்பதாகக் கணக்கு வரும். சோர்வு தணிந்தபின் அதே தாளைக் கொடுத்தால் அந்த 'ஆமாம்'கள் குறைந்திருக்கும். குடி, கஞ்சா, தைராய்டு, வலிப்பு, தலைக்காயம் இவற்றைக் கேட்காமல் மேலே போகக் கூடாது. நாற்பதைத் தாண்டியவரின் குணம் புதிதாக மாறியது என்று வீட்டார் சொன்னால் மூளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மனஎழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவக் (பைபோலார்) கோளாறோடு பார்டர்லைனைக் குழப்பிக்கொள்வது வாடிக்கை. அதில் மிதமான மனஎழுச்சி என்று சொல்லவே தொடர்ந்து 4 நாள் நீடித்திருக்க வேண்டும். பார்டர்லைனில் மனநிலை மணிக்கணக்கில் புரளும், பெரும்பாலும் யாரோ ஒருவரின் பேச்சையோ மௌனத்தையோ ஒட்டி. 'அடிக்கடி மூட் மாறுமா?' என்று கேட்டால் இருவருமே ஆமாம் என்பார்கள். 'இந்தக் கோபம் எவ்வளவு நேரம் இருக்கும்? அதுக்குக் கொஞ்சம் முன்னாடி யார்கூட என்ன நடந்துச்சு?' என்று கேட்டால்தான் வேறுபாடு பிடிபடும்.

இரண்டாம் அமர்வுக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். குறுக்கே கோடு போட்டு, ஐந்து வயதிலிருந்து இன்றுவரை பள்ளி, சிநேகிதம், வேலை, காதல், கல்யாணம், சிகிச்சை என்று அவரையே குறிக்கச் சொல்ல வேண்டும். எந்த வேலையை எந்த மாதம் விட்டார், ஏன் விட்டார் என்பது எந்த வினாத்தாளையும்விட அதிகம் பேசும். உறவினரைத் தனியே பார்க்கும்போது, அம்மாவையும் கணவரையும்விட உடன்பிறந்தவரே நல்ல சாட்சி. பள்ளிக்காலம் அவருக்குத் தெரியும், மறைக்க வேண்டிய குற்றவுணர்வும் குறைவு.

நேர்காணல் கருவிகள் இதற்குப் பிறகுதான். அங்கே மொழி காலை வாரும். 'தீராத வெறுமை' என்று புத்தகத் தமிழில் கேட்டால் முழிப்பார்கள். 'மனசு காலியா இருக்கா?' என்றால் சோர்வில் இருப்பவரும் தலையாட்டுவார். 'சுத்தி ஆளுங்க இருந்தும் உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி, அதை நிரப்ப எதையாவது செஞ்சாகணும்போல, பல வருஷமா இருக்கா?' என்று நீட்டித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. செய்வினையை நம்புவதை விபரீத (ஸ்கிசோடைபல்) ஆளுமை, அதாவது விசித்திர நம்பிக்கையும் நடத்தையும் கொண்ட கோளாறுக்கான அறிகுறியாக எண்ணினால் பாதி ஊர் தேறாது. முப்பது வயதிலும் அப்பாவைக் கேட்டுத்தான் முடிவெடுப்பேன் என்பதும் நம் வீடுகளில் நோயில்லை; அப்பா இல்லாத இடத்தில் ஒரு பேருந்து டிக்கெட்கூட எடுக்க முடியாமல் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

ஆளுமைக் கோளாறின் வகைகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அமெரிக்கப் பட்டியலான டிஎஸ்எம்-5 மூன்று தொகுதிகளில் 10 வகை சொல்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 அவற்றைக் கைவிட்டு, லேசானது, மிதமானது, தீவிரமானது என்று அளந்துவிட்டு, பார்டர்லைன் சாயலை மட்டும் தனிக் குறிப்பாக வைத்துக்கொண்டது. பழக நாளாகும் என்றாலும் இதுவே மேல். ஒரே ஆளுக்கு நான்கு வகை எழுதும் கூத்து நிற்கும்.

'எங்க வளர்ப்பு சரியில்லையா?' என்று பெற்றோர் கேட்காத நாளில்லை. பரம்பரைக் கூறுக்கு இதில் கணிசமான பங்கு உண்டு. சிறுவயதில் அடியும் புறக்கணிப்பும் பாலியல் துன்புறுத்தலும் ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆனால் பாதிக்கப்பட்டவர் எல்லாரிடமும் அந்த வரலாறு இருக்கும் என்று தோண்டுவது தப்பு.

சிகிச்சையில் அதிகம் பிசகுவது மாத்திரையில். பார்டர்லைன் கோளாறுக்கென்றே மருந்து தரக் கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2009இலேயே சொல்லிவிட்டது. இங்கே ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒன்று கூடி, சீட்டில் ஐந்து மாத்திரை சேர்ந்துவிடுகிறது. அந்த ஐந்தையும் ஒரே இரவில் விழுங்கக்கூடியவர் அவர் என்பதை மறந்து ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதும் நடக்கிறது. ஒரு வாரத்துக்கு மட்டும் தந்து, வீட்டார் கையில் ஒப்படைக்க வேண்டும். எலி பேஸ்ட், சாணிப்பவுடர், பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேட்டு, அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணத்தைக் கேட்டால் அதைத் தூண்டிவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. இரவு நேரத்துக்கு 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைத் தாளிலேயே எழுதித் தரலாம்.

சீட்டில் வேறு என்ன எழுதலாம்? 'கவனம் ஈர்க்கக் கீறிக்கொண்டார்' என்பதற்குப் பதில், 'தொலைபேசியில் சண்டை முடிந்த அரைமணி நேரத்துக்குள் இடது முன்கையில் மேலோட்டமான நான்கு கீறல். சாகும் எண்ணம் இல்லை என்கிறார். ஆளுமை மதிப்பீடு ஆறு வாரத்துக்குப் பின்' என்று எழுதலாம். அடுத்துப் பார்ப்பவருக்கு அதுவே போதும்.