78,000 ரூபாய் எஸ்டிமேட்டும் ஒரு கீச்சுச் சத்தமும்

இரண்டு மாத காலம் எங்கள் அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணன் என் காருக்கு மட்டும் ஹாரன் சத்தத்தை எதிர்பார்க்கவில்லை. தெருமுனை வேகத்தடையில் நான் பிரேக்கைத் தொட்டதும் எழுந்துபோய் கேட்டைத் திறந்துவிடுவார். அப்படி ஒரு கீச்சு. பார்க்க ஜெர்மன் செடான், கேட்க எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம்.

கார் 2017 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சத்தம் எப்போது ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் ஒத்துக்கொள்ளத்தான் நாளாயிற்று. குடும்பத்தோடு வால்பாறை போயிருந்தோம். ஆழியாரிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ராஜா மாதிரி ஏறியது. இறங்கும்போது ஆட்டோமேட்டிக் கியரைக் குறைக்காமல் டி-யிலேயே விட்டுவிட்டு, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே கோயம்புத்தூர்க்காரன் கெத்தோடு இறங்கினேன். கீழே வந்து நிறுத்தியபோது கருகிய வாடை. "மலையில இதெல்லாம் சகஜம்" என்று மனைவியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமே ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தை வாசலில் கார் கீச்சிட்டது. தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

முதலில் வாட்டர் சர்வீஸ் விட்டேன். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் பழைய கச்சேரி. பக்கத்து வீட்டு நண்பர், துருப்பிடித்த கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைக் கொண்டுவந்து, "டிஸ்க்ல லைட்டா அடிங்க, நின்னுடும்" என்றார். சத்தம் நிற்கும்தான், ஆனால் கார் நிற்காது. வீலோடு சுழலும் டிஸ்க் தட்டை இரு பக்கமும் பேட் அழுத்தி உரசித்தான் கார் நிற்கிறது. அந்த இடத்தில் எண்ணெய் பட்டால் பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நல்லவேளை, கை நடுங்கியது.

அப்புறம் ஒரு சர்வீஸ் சென்டர். அட்வைசர் ஏசி அறையில் உட்காரவைத்து காபி கொடுத்தார். "இந்த வண்டிக்கு இது நார்மல் சார்" என்றார். முழுப் பொய் இல்லை. ஐரோப்பிய கார்களின் பேடில் உலோக இழைகள் கலந்திருக்கும். பிடிப்பு நன்றாக இருக்கும், கூடவே கொஞ்சம் சத்தமும் வீல் நிறையக் கரும்பொடியும் வரும். ஆனால் நார்மல் என்று சொன்ன அதே வாய், முன்பக்க பேட், இரண்டு டிஸ்க், சென்சார், லேபர் எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய்க்கு எஸ்டிமேட்டும் கொடுத்தது. இத்தனைக்கும் பேட் தேய்ந்தால் டேஷ்போர்டில் எரிய வேண்டிய விளக்கு எரியவே இல்லை. "வீல் கழட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. காபிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு வாரம் சத்தத்தைக் குறித்துவைத்தேன். காலையில் முதல் பிரேக்கில் வராது, பத்து நிமிடம் ஓடிச் சூடான பிறகுதான் வரும். 20 கிலோமீட்டருக்குக் கீழான வேகத்தில், மெதுவாக மிதித்தால் கீச். அழுத்தி மிதித்தால் சத்தமே இல்லை. ரிவர்ஸில் இல்லை. எந்த வீல் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு நீளமான காம்பவுண்ட் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டி பிரேக் பிடித்தால், சுவர்ப் பக்கத்துச் சத்தம் எதிரொலித்துத் தெளிவாகக் கேட்கும். போகும்போது ஒரு பக்கம், திரும்பி வரும்போது மறுபக்கம். எனக்கு இடது முன்வீல். சுவருக்குச் சொந்தக்காரர் ஒரு தடவை வெளியே வந்து முறைத்தார், அது வேறு கதை.

இந்தக் குறிப்போடு கணபதியில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். அறுபது வயதிருக்கும் அந்த அண்ணனுக்கு. தாளை வாங்கிப் படித்துவிட்டு, "ஏனுங்க, மலை ஏதாவது எறங்குனீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பொய் சொல்ல வாய் வரவில்லை.

வீலைக் கழற்றி பேடை எடுத்துக் காட்டினார். சொரசொரப்பாக இருக்க வேண்டிய முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதிகச் சூட்டில் மேற்பரப்பு இறுகிப்போனால் இப்படித்தான் ஆகுமாம். அதைவிட முக்கியமாக, உள்பக்க பேட் 5 மில்லிமீட்டர், வெளிப்பக்க பேட் 8. இரண்டும் ஒன்றுபோலத் தேய வேண்டும். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் இப்படியும் அப்படியும் நழுவி நகர்வதற்கு 'பின்' (pin) என்று இரண்டு சின்னக் கம்பிகள் உண்டு. அதில் ஒன்று இறுகிப்போயிருந்தது. முன்பு யாரோ சாதா கிரீஸைப் போட்டிருக்கிறார்கள், பெட்ரோலிய கிரீஸ் பட்டு அதன் ரப்பர் ஊதி அந்தக் கம்பியைக் கவ்விக்கொண்டது. பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஷிம் தகட்டையும் காணோம்.

"தகடு இல்லாததுக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்டேன். அவர் சாக்பீஸை எடுத்துச் சுவரில் நெட்டுக்குத்தாகப் பிடித்து இழுத்தார். கிறீச்சென்றது. சாய்த்து இழுத்தார், சத்தமில்லை. அவ்வளவுதான் விஷயம். பேட் டிஸ்க்கில் ஒட்டி, நழுவி, மறுபடி ஒட்டி, வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்கிறது. அந்த அதிர்வை டிஸ்க்கே ஜால்ரா போல வாங்கி ஊருக்குச் சொல்கிறது. ஷிம் தகடும், பேடின் முதுகில் தடவும் பிரேக் கிரீஸும் அதிர்வை அமுக்குவதற்குத்தான். முதுகில் மட்டும், முகத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது.

டிஸ்க்கை மாற்ற வேண்டுமா என்பதுதான் என் பயம். அதன் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் 28.4 மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கிறது. மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் 29.3. நல்ல நிலைமை. இந்த ஊரில் லேத்துக்கா பஞ்சம், கடைந்துவிடலாமே என்றேன். "வெட்டு, வரி ஒண்ணுமில்ல, எதுக்குங்க கடையணும்? அதுல போற கனம் திரும்பியா வரும்?" என்று உப்புத்தாளால் மட்டும் தேய்த்துச் சுத்தம் செய்தார்.

பேட் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்துவிட்டதால் முன்பக்கம் இரண்டு வீலுக்கும் புது செராமிக் பேட். காலிப்பர் கம்பிகளுக்கு சிலிக்கான் கிரீஸ், புது ரப்பர். சென்சார் கழற்றும்போது உடைந்ததால் அதுவும் புதிது. பிரேக் ஆயிலில் டெஸ்டரை வைத்தார், சிவப்பு விளக்கு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். மலையில் சூடேறி உள்ளே கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை முந்தைய ஓனரும் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான். இரண்டு மாதமாக நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த கீச்சு யாரையும் ஒன்றும் செய்திருக்காது. பிள்ளைகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு 40 வளைவு இறங்கியபோது இந்த ஆயில் மூச்சுக்கூட விடவில்லை.

எல்லாம் சேர்த்து 16,600 ரூபாய்.

"இன்னும் வேலை முடியலீங்க, பேடை நீங்கதான் பழக்கணும்" என்றார். ஞாயிறு விடியற்காலை நீலாம்பூர் தாண்டி ஆறுவழிச் சாலைக்குப் போனேன். பின்னால் யாரும் வராதபோது 60-லிருந்து 10 வரை ஒரே சீராகக் குறைக்க வேண்டும், முழுக்க நிறுத்தக் கூடாது. அரை நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி. இப்படிப் பத்து முறை. சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றால் டிஸ்க்கில் அங்கே மட்டும் பேடின் பொருள் திட்டாகப் படிந்து, பிற்பாடு பெடல் அதிரும். அதனால் முடித்த கையோடு பத்து கிலோமீட்டர் சும்மா ஓட்டி ஆறவைத்தேன். நான்காவது முறை லேசாக வாடை வந்தது, வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

செராமிக் பேடில் ஒரு குறை. குளிர்ந்திருக்கும்போது முதல் கடி பழைய பேடு அளவுக்கு இல்லை. இரண்டு மூன்று நாளில் கால் பழகிவிட்டது. வீலில் கரும்பொடி படிவது வெகுவாகக் குறைந்ததில் எனக்குப் பரம திருப்தி.

அன்று திரும்பி வந்தபோது கேட் மூடியே கிடந்தது. செக்யூரிட்டி அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தேன். "நீங்களா சார்? சத்தமே கேக்கல" என்று எழுந்து வந்தார்.

மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்து, முதல் இரண்டு பிரேக்குக்கு கர்ரென்று ஒரு முனகல் வரும். மூன்றாவதில் காணாமல் போய்விடும். அதற்குள் அவர் பேப்பரை மடித்துவைத்திருப்பார்.