டிடிஎஸ் மீட்டரோடு வந்தவர்களும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

ஒருவழியாக வீட்டில் சாஃப்ட்னர், அதாவது கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் மெஷின், வைத்தாயிற்று, ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் எதை வைப்பது என்று முடிவெடுப்பதற்குள் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஷவரில் வெள்ளைப் படிவு, அடிக்கடி போகும் ஹீட்டர் காயில், நுரைக்க மறுக்கும் சோப்பு எல்லாம் உங்களுக்கும் பழக்கமானவைதான். எரிச்சல் வந்தது விற்க வந்தவர்களால். எல்லார் பையிலும் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர். டம்ளரில் முக்குவார்கள், எண்ணைக் காட்டுவார்கள், முகத்தைச் சுளிப்பார்கள். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தம். அதையும் அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் பாய்வதை வைத்துத்தான் கணிக்கிறது. படிவுக்குக் காரணமான கால்சியமும் மெக்னீசியமும் அதில் எவ்வளவு என்று சொல்லாது. அந்த அளவுக்குத்தான் கடினத்தன்மை என்று பெயர். "சரி, கடினத்தன்மை எவ்வளவு?" என்று கேட்டால், "அதான் சார், இந்த நம்பர்தான்" என்கிறார் ஒருவர்!

இன்னொருவர் வீடு முழுவதற்கும் ஆர்ஓ, அதாவது மெல்லிய சவ்வு (மெம்பிரேன்) வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் மெஷின், போடச் சொன்னார். ஆர்ஓ தண்ணீரில் ஒரு பங்கைக் கழிவாக வெளியே தள்ளும். கடினமான தண்ணீரை அப்படியே விட்டால் மெம்பிரேனிலும் காறை பிடிக்கும். குடிக்க மட்டும் என்றால் சரி, துணி துவைக்க எதற்கு? குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்று ஒருவர் வந்தார். கடினத்தன்மை குறையாது, படிவு ஒட்டாது, அவ்வளவுதான் என்று நேர்மையாகவே சொன்னார். அதற்கு ஆதாரம் கேட்டதும் வாங்கியவர்களின் பாராட்டுகளைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். அது ஆதாரமாகுமா?

அதனால்தான் ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே வேறு கூத்து. அறிக்கையில் கடினத்தன்மை லிட்டருக்கு 480 மில்லிகிராம். 180-ஐத் தாண்டினாலே மிகக் கடினம் என்பார்கள். ஆனால் இரும்பு என்ற வரியில் வெறும் கோடு. கேட்டால், "நீங்கள் கேட்கவில்லையே" என்று கவுன்ட்டரில் இருந்தவர் நிமிராமலே பதில் சொன்னார். இரும்புக்குத் தனி பாட்டில் உண்டாம், உள்ளே கொஞ்சம் அமிலம் விட்டுத் தருவார்கள். சாதா பாட்டிலில் பிடித்தால் இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகி அடியில் தங்கிவிடும், அளவு குறைவாகக் காட்டும். அமிலம் இருக்கும் பாட்டிலை மட்டும் பழக்கதோஷத்தில் கழுவிவிடாதீர்கள். முதல்முறை போகும்போதே இதைச் சொல்லியிருந்தால் ஓர் அலைச்சல் மிச்சம்.

அந்தப் பாட்டிலில் மறுபடி பிடித்துக் கொடுத்ததில் இரும்பு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் வந்தது. 0.3-ஐத் தாண்டினாலே துணியில் கறை விழும். அதோடு சாஃப்ட்னருக்குள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைக்கும் ரெசின் என்ற குட்டி மணிகளிலும் இரும்பு படிந்து அவற்றின் திறனைக் குறைக்கும். ஆகவே முதலில் இரும்பு ஃபில்டர், அப்புறம் சாஃப்ட்னர் என்று முடிவானது. டிடிஎஸ் மீட்டர்காரர்களை நம்பியிருந்தால் இந்த ஃபில்டர் என்ற பேச்சே வந்திருக்காது.

அடுத்து அளவு. 10 லிட்டர் ரெசின் தாராளம் என்றார் கடைக்காரர். கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு 600 லிட்டர், அதாவது சுமார் 290 கிராம் கடினத்தன்மை. ஒரு லிட்டர் ரெசின் தோராயமாக 50 கிராம் தாங்கும். 10 லிட்டர் என்றால் இரண்டு நாள்கூடத் தாங்காது, உப்புக் கரைசல் விட்டு மீண்டும் தயாராக்க வேண்டும். 25 லிட்டர் என்றால் நான்கு நாள் போகும். பேப்பரில் எழுதிக் காட்டியதும் அவரே 25-க்கு வந்துவிட்டார். அன்றைக்கு இருந்த சந்தோஷம் மெஷின் வந்த அன்றுகூட இல்லை.

மேல்தொட்டித் தண்ணீரின் அழுத்தம் எங்கள் சாஃப்ட்னரின் வால்வுக்குப் போதாது. 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். அதனால் தொட்டிக்கு ஏறும் பம்ப் லைனிலேயே மாட்டினோம். செடிகளுக்குப் போகும் குழாயை அதற்கு முன்பே பிரித்துவிட்டோம். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத்தான் விடுகிறது, அது மண்ணுக்கு ஆகாது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் குடிக்கிற தண்ணீர் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதே காரணத்தால் சாஃப்ட்னருக்குப் பிறகும் டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மீட்டரை முக்கிப் பார்த்து மெஷின் கெட்டுப்போச்சு என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம்.

கடினத்தன்மையைச் சோதிக்க, ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடினமான தண்ணீரில் முதலில் ஒயின் சிவப்பு நிறம் வரும். ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கலக்க, சட்டென்று ஒரு சொட்டில் நீலமாகும். அதுவரை விட்ட சொட்டுகள்தான் கணக்கு. எங்கள் புதுத் தண்ணீர் முதல் சொட்டிலேயே நீலம்.

கடைசியாக ஒரு தொல்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உடம்பில் சோப்பு வழுவழுவென்று போகாத மாதிரியே இருக்கிறது என்று வீட்டில் புகார். சாஃப்ட்னருக்குள் போகாமல் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வை லேசாகத் திறந்து ஆறில் ஒரு பங்கு பழைய தண்ணீரைக் கலக்கவிட்டேன். இப்போது கடினத்தன்மை 80-ல் நிற்கிறது, புகாரும் நின்றுவிட்டது.