இரத்தம் இல்லை என்று சொன்ன நாள்

பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கும் என்னிடம் அந்தத் தாய் கேட்டது ஒரே கேள்விதான். மருத்துவர் எழுதித் தந்த சீட்டிலிருந்த சொல்லை மகளைப் படிக்கவைத்துவிட்டு, "அனீமியான்னா என்னங்கய்யா?" என்றார்.

இரத்த சோகை என்றிருந்தால் பேச்சு அத்துடன் முடிந்திருக்கும். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்புக் காட்டு வேலை செய்பவர். வயலில் காய்ந்து கிடக்கும் சோகையையும் அறிவார், வெளிறிய பிள்ளையைப் பார்த்து ஊரார் சொல்லும் சோகையையும் அறிவார். ஆனால் அன்று காலைதான் பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்குக் கிரேக்க முன்னொட்டுகளைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அந்த உற்சாகம் இன்னும் அடங்கவில்லை. 'அன்' என்றால் இல்லை, 'ஹைமா' என்றால் இரத்தம், ஆகவே இரத்தம் இல்லாமை என்று விளக்கினேன்.

அவர் மகளின் முழங்கை மடிப்பைப் பார்த்தார். நான் வைத்து ஒட்டிய பஞ்சில் மிளகளவு சிவப்பு ஊறியிருந்தது. "ரத்தமே இல்லையா? இப்பத்தானய்யா ஊசியில எடுத்தீங்க?" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

சொற்பொருளில் பிழையில்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். மெய்யெழுத்துக்கு முன் 'அ', உயிருக்கு முன் 'அன்' என்று வரும் அந்தக் கிரேக்க முன்னொட்டும், அசுத்தம், அநாவசியம் என்று நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட முன்னொட்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆனால் உணர்விழப்பைக் குறிக்கும் அனஸ்தீசியாவில் உண்மையாகவே 'இல்லை' என்று பொருள்படும் அந்த 'அன்', அனீமியாவில் 'குறைவு' என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. கருவுறாத வயதுவந்த பெண்ணுக்கு, நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தாலே அந்தப் பெயர் வந்துவிடும். அந்த மகளுக்கு இருந்தது 8.4.

குழம்பில் உப்புக் குறைந்தால் உப்பே இல்லை என்கிறவர்கள்தானே நாம், கிரேக்கர் சொன்னதும் அப்படித்தான் என்று ஒரு சமாதானம் தோன்றுவதுண்டு. அது நிற்கவில்லை. சாப்பாட்டு இலையின் முன் சொல்லும் 'இல்லை'யும், வெள்ளை அங்கி அணிந்தவன் சொல்லும் 'இல்லை'யும் ஒன்றாகிவிடுமா? தவிர, பரிசோதனை முடிவை விளக்குவது மருத்துவரின் வேலை. நான் நோயை விளக்கவில்லை, சொல்லைத்தான் விளக்கினேன் என்ற வேறுபாடு எனக்குத்தான் தெரியும், அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்?

பக்கத்து இருக்கைப் பெரியவர், "சோகைதான், மாத்திரை குடுத்தா சரியாப் போகும்" என்றார். அந்தத் தாய் தலையசைத்தார், என் பக்கம் திரும்பவில்லை. அவரைச் சுட்டது என் விளக்கமா, சிரிப்பா என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சிரிப்பு என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறேன். சில நாட்களில், அப்படி நினைப்பதுகூட என் கிரேக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தானோ என்றிருக்கிறது.

மாணவர்களுக்கு அந்த முன்னொட்டை இப்போதும் சொல்லித் தருகிறேன். எடுத்துக்காட்டுக்கு மட்டும் அனஸ்தீசியா.