பீகார் தம்பியின் அட்டை

தேவகோட்டைப் பக்கம் எங்க வயலுக்கு நடவுக்கு வந்த பீகார் தம்பிக்கு ஒரு வாரமா முகமெல்லாம் வீக்கம். கூலி போயிடுமேன்னு வாயே திறக்கல. நேத்து வரப்புலயே சுருண்டு விழுந்துட்டான்.

தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். கெண்டைக்கால்ல சேறு காய்ஞ்சு வெடிச்சிருக்க, பாலிதீன் கவர்ல மடிச்சு வச்சிருந்த ஆயுஷ்மான் அட்டையை, அதான் மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையை, நடுங்குற கையால நீட்டினான். "வெளிமாநில அட்டை செல்லாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வயிறு எரிஞ்சுது. வாசல்ல அதே திட்டத்தோட போர்டு தொங்குது! குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இலவச சிகிச்சை. திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரி எந்த மாநிலத்துல இருந்தாலும் செல்லணும்.

இப்ப சிவகங்கை மெடிக்கல் காலேஜ்ல சேர்த்திருக்கோம். கிட்னி பாதிப்பு, டயாலிசிஸ் வேணுமாம். டாக்டர் கேக்குறது அவனுக்குப் புரியல, அவன் சொல்றது எங்களுக்குப் புரியல. ஹிந்தி தெரிஞ்சவங்க யாராச்சும் இன்னைக்குச் சாயங்காலம் வார்டுக்கு வரமுடியுமா? இன்பாக்ஸ்ல சொல்லுங்க, காரைக்குடியிலேர்ந்து நானே கூட்டிட்டுப் போறேன்.