பாரமான ஆளுக்கு எந்த டிஸ்க் பிரேக்? யாழ்ப்பாணத்தில் பூட்டி அப்புத்தளையில் இறக்கிப் பார்த்தது

என் நிறை 112 கிலோ. மவுண்டன் பைக் 15 கிலோ. தண்ணீர், பை, திருத்தச் சாமான்கள் எல்லாம் சேர்த்து இன்னும் 3 கிலோ. ஆக, மலையிலிருந்து இறங்குவது 130 கிலோ. நடுத்தர விலைச் சைக்கிளோடு கடையிலிருந்து வரும் டிஸ்க் பிரேக்குக்கு இது பெரிய சுமை. என்னைப்போல் நூறு கிலோவைத் தாண்டியவர்கள் பிரேக் தேடும்போது பிராண்டின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். நான் வெப்பத்திலிருந்து தொடங்கினேன். அதனால் கிடைத்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்குள் ஓடும்வரை பிரேக்கின் பலம் குறைவென்று தெரியவே தெரியாது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் தரை. ஏற்ற இறக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. வல்லிபுரம், மணற்காட்டுப் பக்கம் மணல்மேடுகள் உண்டு. அங்கே ரயர் புதைவதால் பிரேக்குக்கு வேலை குறைவு. சந்தியில் ஓட்டோ குறுக்கே வந்தால் ஒருமுறை இறுக்கிப் பிடிப்போம், அவ்வளவுதான். சில்லோடு சுழலும் பிரேக் தட்டு சூடாவதற்குள் ஆறிவிடும்.

மலையகத்து அப்புத்தளையில்தான் கதை மாறியது. நகரம் ஏறத்தாழ 1430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தம்பேத்தன்ன தேயிலைத் தோட்டத்துக்கு மேலே லிப்டன் சீற் என்ற காட்சிமுனை ஏறத்தாழ 1970 மீற்றர். வித்தியாசம் 540 மீற்றர். 130 கிலோ அந்த உயரத்தை இறங்கும்போது விடுபடும் சக்தி ஏறத்தாழ 690 கிலோ யூல். இரண்டு லீற்றருக்கு மேல் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். ஒரு பங்கைக் காற்றும் ரயரும் எடுத்துக்கொள்ளும். நிதானமாக இறங்கினால் மிச்சத்தின் பெரும்பகுதி இரண்டு மெல்லிய உருக்குத் தட்டுகளுக்குள்தான் போக வேண்டும். என்னோடு வந்த மச்சானுக்குச் சைக்கிளோடும் பையோடும் சேர்த்து 80 கிலோ. அதே பாதை, அதே வகைச் சைக்கிள், அதே பிரேக். அவனுக்கு 425 கிலோ யூல் அளவுதான். அவன் ஒரு விரலால் பிடித்துக்கொண்டே கதைத்தபடி வந்தான். எனக்கு நாலு விரலும் போட்டு இழுக்க வேண்டியிருந்தது. பாதி வழியில் பேட் (தட்டை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் கட்டை) கருகும் மணம் வந்தது. லீவர் கல்லுப்போல இறுகியே இருந்தது, சைக்கிள்தான் நிற்கவில்லை.

அந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. லீவர் இறுக்கமாக இருந்தும் பிடி இல்லையென்றால் பேட்டின் உராய்வு சூட்டில் குறைந்திருக்கிறது. லீவர் பஞ்சுபோல் உள்ளே போய் ஹாண்டிலைத் தொட்டால் பிரேக் குழாயில் இருக்கும் ஒயில் கொதித்திருக்கிறது, அல்லது குழாயில் காற்று இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. என்னுடையது முதலாவது வகை.

ஊருக்கு வந்து, நான் வழமையாகப் போகும் சைக்கிள் கடை அண்ணையிடம் கழற்றிக் காட்டினேன். பேட்டின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. நகத்தால் சுரண்டினால் வழுக்கியது. தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, பிரேக்கில பழுதில்லை. உன்ர நிறைக்கு இந்தத் தட்டுக் காணாது. முதல் தட்டை மாத்து, பிறகு மற்றதைப் பாப்பம்."

அவர் அனுபவத்தில் சொன்னதைக் கணக்கும் ஒத்துக்கொள்கிறது. மச்சானின் 80 கிலோவுக்கு அந்தப் பிரேக் நன்றாக இருக்கிறதென்றால், எனக்கு அதே சுகம் கிடைக்க 130ஐ 80ஆல் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 1.6 மடங்கு. பிரேக்கின் பிடி தட்டின் ஆரையோடு கூடும். 160 மி.மீ. தட்டை 203க்கு மாற்றினால் ஏறத்தாழ 1.27 மடங்கு கிடைக்கும். மிச்சம் இன்னொரு கால் பங்குக்குச் சற்று மேல். அதைக் கலிப்பரும் (பேட்டைத் தட்டில் நெருக்கும் பகுதி) பேட்டும் தர வேண்டும். எந்தப் பாரமான ஆளும் இந்தக் கணக்கைத் தன் நிறையை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். 95 கிலோ ஆளுக்குப் பெரிய தட்டும் நல்ல பேட்டும் மட்டுமே போதுமாக இருக்கும். என் நிறையில் போதாது.

வாங்குவதற்கு முன் தட்டின் அளவை, முன்சில்லைத் தாங்கும் போர்க்கும் சைக்கிளின் பிரேமும் அனுமதிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். "பின்னுக்கும் 203 போடலாமோ அண்ணை?" என்று கேட்டேன். "பிரேமுக்கு எவ்வளவு மட்டும் எண்டு கொம்பனி சொல்லியிருக்கு? அதைப் பார்" என்றார். என் போர்க்குக்கு 203 வரை, பிரேமின் பின்பக்கத்துக்கு 180 வரை. அதற்கு மேலான தட்டையும் பொருத்தலாம், ஆனால் பிரேக் பிடிக்கும் விசை பிரேமின் மெல்லிய குழாயில் இறங்கும். நிறை கூடிய ஆள் இதில் விளையாடக்கூடாது. அதனால் முன்னுக்கு 203, பின்னுக்கு 180. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சில்லுக்குச் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன் பிரேக்தான் செய்கிறது. பெரிய தட்டு ஒன்றுதான் வாங்கக் காசு இருக்கிறதென்றால் அதை முன்னுக்குப் போடுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். மலிவான தட்டுகள் பலவற்றில் 'ரெசின் பேட் ஒன்லி' (பிசினால் செய்த பேட்டுக்கு மட்டும்) என்று சின்ன எழுத்தில் பொறித்திருக்கும். அவற்றில் உலோகப் பேட் போட்டால் தட்டு சீக்கிரம் தேய்ந்து போகும். என் பழைய தட்டில் அந்த வரி இருந்தது. ஷிமானோவின் ஆர்டி66 ஆறு ஆணித் தட்டு உலோகப் பேட்டையும் தாங்கும்; தட்டைப் பூட்டும் என் சில்லின் ஹப்பும் ஆறு ஆணி வகை. அதை எடுத்தேன். தடிப்பு 1.8 மி.மீ. 2 மி.மீ. தடிப்பில் மகுராவும் ஸ்ராமும் தட்டு செய்கின்றன, டிஆர்பி 2.3 வரை போகிறது. தடித்த தட்டில் உலோகம் கூட, அதனால் சூட்டை உள்வாங்கும் இடமும் கூட. ஆனால் அந்தத் தடிப்புக்குச் செய்த கலிப்பர் வேண்டும், இல்லாவிட்டால் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

முதலில் தட்டை மட்டும் மாற்றி, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் இரண்டு மட்டுமே உள்ள பழைய கலிப்பரை அப்படியே வைத்து, மறுபடி அதே இறக்கத்துக்குப் போனேன். எது எவ்வளவு தருகிறது என்று தனித்தனியே தெரிய வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. பலன் உண்மையிலேயே நல்லது. நாலு விரல் இரண்டு விரலானது. கருகல் மணம் வந்தது, ஆனால் கீழே நெருங்கிய பிறகுதான் வந்தது. இருந்தாலும் கடைசி வளைவுகளில் முன்கை இறுகி விரல் விறைத்துவிட்டது. பாரமான ஆளுக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை. விரல் விறைத்தால் லீவரை விடுவதற்கும் நேரம் எடுக்கும்.

அடுத்தது நாலு பிஸ்டன். பிஸ்டன்களின் மொத்தப் பரப்புக் கூடினால் விரலின் அதே இழுப்புக்குப் பேட்டை நெருக்கும் விசை கூடும். ஸ்ராமின் 'கோட்' என்ற பிரேக்கில் 15, 16 மி.மீ. பிஸ்டன்கள், 2024இல் வந்த அதன் 'மேவன்' பிரேக்கில் 18, 19.5 மி.மீ. பரப்பில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பேட்டும் நீளமாக இருப்பதால் சூடு பரவ இடம் கிடைக்கிறது. ஹோப் டெக் 4 வி4, மகுரா எம்டி7, ஹேய்ஸ் டொமினியன் ஏ4, டிஆர்பி டிஎச்ஆர் ஈவோ எல்லாம் பாரமான ஆட்கள் விரும்பி எடுக்கும் பிரேக்குகள். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வாங்கும்போது, பேட் முடிந்தால் எங்கே எடுப்பது என்ற கேள்விதான் முன்னுக்கு வருகிறது.

ஒயிலையும் யோசித்தேன். ஹோப்பும் ஹேய்ஸும் டொட் (DOT) ஒயில், மோட்டார் வாகனப் பிரேக்குக்கு ஊற்றும் வகை. டொட் 4 நகரில் எந்த மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும், அது பெரிய வசதி. டொட் 5.1 புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் டொட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் ஏறிய 5.1க்கு வரையறை 180 பாகைதான். நாலு பக்கமும் கடலும் களப்புமாக இருக்கும் ஊரில் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். பெயின்றில் பட்டால் பெயின்றையும் தின்றுவிடும். மினரல் ஒயில் ஈரம் உறிஞ்சாது. கொழும்பிலிருந்து ஒரு போத்தல் எடுத்து வைத்தால் நெடுநாளைக்குக் காணும். நான் மினரல் பக்கம் போனேன். ஒன்றின் இடத்தில் மற்றதை மட்டும் ஒருபோதும் ஊற்றக்கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு பிரேக்கே போய்விடும்.

கடைசியில் எடுத்தது ஷிமானோ எம்டி520 நாலு பிஸ்டன் கலிப்பரும் எம்டி501 லீவரும். வரிசையில் உயர்ந்தது இல்லை. ஆனால் ஷிமானோவின் உயர்ந்த வரிசைகளான செயின்ட், எக்ஸ்டி நாலு பிஸ்டன் பிரேக்குகளுக்குப் போகும் அதே வடிவப் பேட்டுகள் இதற்கும் போகும். பாரமான ஆள் பேட்டைத் தின்னும் வேகத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓடுகிறவனுக்குத்தான் தெரியும்.

பேட் விஷயத்தில் என் முடிவு தெளிவு. மலைக்கு உலோகப் பேட். ரெசின் குளிர்ந்த நிலையிலேயே நன்றாகக் கடிக்கும், சத்தமும் குறைவு, ஊருக்குள் அதுவே சுகம். ஆனால் நீண்ட இறக்கத்தில் என் நிறைக்கு அது தாங்காது, மழையிலும் சேற்றிலும் சீக்கிரம் கரையும். உலோகப் பேட் சூட்டைத் தாங்கும், நீண்டநாள் உழைக்கும். ஈரத்தில் கொஞ்சம் அலறும். அலறட்டும்.

பூட்டும் வேலையில் நேரம் எடுத்தது கலிப்பரை நேராக்குவதுதான். இரண்டு ஆணியையும் இலேசாகத் தளர்த்தி, லீவரைப் பிடித்தபடியே மாறி மாறி இறுக்க வேண்டும், 6 முதல் 8 நியூட்டன் மீற்றர். அப்புறம் கலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, தட்டுக்கு இரு பக்கமும் வெளிச்சக் கீற்று ஒரே அளவில் தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு பக்கம் கீற்று மறைந்தால் திரும்பத் தளர்த்தி, திரும்ப இறுக்கினேன். லீவரை ஹாண்டிலில் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆள்காட்டி விரல் அதன் நுனியில் விழும்படி வைத்தேன். காசில்லாமல் கிடைக்கும் பலம் அது.

புதுப் பேட்டைத் தட்டோடு பழக்குவதற்கு மலை இல்லாத ஊரில் என்ன செய்வது? சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கும் காலமாக இருந்ததால் பண்ணைப் பாலம் கைகொடுத்தது. விடிய வாகனம் குறைந்த நேரத்தில் மண்டைதீவுப் பக்கம் எதிர்காற்றில் மிதித்துப் போய், திரும்பி வரும்போது முதுகில் காற்று. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகம் வந்ததும் முன் பிரேக்கை மட்டும் அழுத்தமாகப் பிடித்து நடை வேகத்துக்கு இறக்கி, நிற்க விடாமல் விட்டு, திரும்ப மிதிப்பது. இருபது தடவை அளவில் இப்படி. பிறகு பின்னுக்கும் அதே. முழுதாக நிறுத்தினால் சூடான பேட்டின் பொருள் தட்டில் ஓரிடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும், பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் துடிக்கும். தொடக்கத்தில் பிரேக் பிடித்த மாதிரியே இல்லை. பாதிக்குப் பிறகு கடி ஏறுவது விரலுக்குத் தெரிந்தது. முடிவில் பளபளத்த தட்டில் சீரான சாம்பல் படலம் படிந்திருந்தது. இந்த வேலையைச் செய்யாமல் மலைக்குப் போவதில் அர்த்தமே இல்லை.

சைக்கிளை வானில் ஏற்றும்போது சில்லைக் கழற்றினால், பேட்டுகளுக்கிடையில் மடித்த கார்ட்போட் ஒன்றைச் செருகுங்கள். வழியில் யாராவது லீவரைத் தவறுதலாக அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

அப்புத்தளை முடிவு இது. லிப்டன் சீற்றிலிருந்து தோட்டப் பாதையால் இறங்கினேன். ஒடுங்கிய பாதை, கொண்டை ஊசி வளைவுகள், எதிரே சுற்றுலாப் பயணிகளோடு ஏறும் ஓட்டோக்கள். ஒரு விரல் போதுமாக இருந்தது. வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, வளைவில் முழுதாக விட்டு வந்தேன். விடும் நேரத்தில் தட்டு ஆறுகிறது, வேகம் கூடும்போது காற்றும் தன் பங்கைக் கூட எடுக்கிறது. தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வந்தால் இந்த இரண்டும் கிடைக்காது. கீழே வந்து பார்த்தபோது முன் தட்டின் துளை விளிம்புகளில் வெளிர் மஞ்சளும் நீலமும் கலந்த நிறம் ஏறியிருந்தது. நல்ல சூடு கண்டிருக்கிறது. ஆனால் மணம் இல்லை, கடி கடைசி வளைவுவரை மாறவில்லை, முன்கையும் சுகம். மச்சானுக்கு முன்னால் இறங்கி அவனுக்காகக் காத்து நின்றதில் எனக்கு அளவில்லாத சந்தோசம்.

ஊரில் இந்தப் பிரேக்குக்கு எதிரி உப்பு. காரைநகர், வேலணைப் பக்கம் போய் வந்தால் பேட் ஆணியும் அடாப்டர் ஆணிகளும் துரு ஏறத் தொடங்கும். அன்றைக்கே நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, துடைத்து, தட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைக்கிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும், அதற்கும் சேர்த்துத்தான் இந்தத் துடைப்பு. செயினுக்கு எண்ணெய் விடும்போது துளித்துளியாக விட வேண்டும், ஸ்பிரே வேண்டாம். பேட்டில் எண்ணெய் ஏறினால் தேய்த்தோ சுட்டோ மீட்கலாம் என்பார்கள். என் நிறைக்கு அதை நம்பமாட்டேன், புதிது போடுவேன்.

இப்போது முன் தட்டு 1.8இலிருந்து 1.7க்கு வந்திருக்கிறது. 1.5 ஆனதும் மாற்ற வேண்டும். பின்னுக்கு இன்னும் ரெசின் பேட்தான் இருக்கிறது. அடுத்த மலைப் பயணத்துக்கு முன் அதற்கும் உலோகம் போட்டு, பண்ணைப் பாலத்தில் பழக்க வேண்டும்.