தகட்டுச் சுருளுக்கு ஒரு கூடு

தைப்பூசம் முடிந்து காவடியைப் பிரித்து வைத்த வாரத்தில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். தங்கை மகன் எடுத்த காவடி அது. மலேசியாவின் ஈப்போ கல்லுமலைக் கோவிலில் வெயில் ஏறியதும் கீழ்வரிசைத் தகடுகள் பளபளத்தன. மயில் நன்றாக வந்திருந்தது. ஆனால் அதன் கழுத்துக்குக் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு ஓடியதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். அது புடைப்பு வேலையில், அதாவது தகட்டை அழுத்தித் தேய்த்து உருவம் எழுப்பும்போது, வந்த கோடு இல்லை. தகட்டுச் சுருள் என் பட்டறை மூலையில் சாய்ந்து கிடந்தபோதே விழுந்த கோடு.

"மாமா, அடுத்த வருசம் அந்த ஒரு தகட்டை மட்டும் மாத்திடலாமா?" என்று பையன் கேட்டான். அவனும் பார்த்திருக்கிறான்.

மெல்லிய தகட்டில் ஒருமுறை மடிப்பு விழுந்தால் அந்தக் கோட்டில் உலோகம் இறுகிவிடுகிறது. மரக்கரண்டியின் முதுகால் எவ்வளவு தேய்த்தாலும் சுற்றியுள்ள இடம்தான் இழுபடும், கோடு அப்படியே இருக்கும். அதனால் தகட்டை எப்படித் தட்டுகிறோம் என்பதற்கு முன்னால், அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது.

சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரைச் சாய்ப்புதான் என் பட்டறை. கையிருப்பு மூன்று சுருள்கள். 300 மி.மீ. அகலத்தில் 0.2 மி.மீ. கனமுள்ள மெதுவான அலுமினியம், சுமார் 10 மீட்டர். அதே அகலத்தில் 0.1 மி.மீ. செம்பு, 5 மீட்டர். 150 மி.மீ. அகலத்தில் கொஞ்சம் விறைப்பான பித்தளை. மூன்றையும் கயிற்றால் கட்டி மூலையில் நிறுத்தியிருந்தேன். கயிற்றை அவிழ்த்தால் பித்தளை கடிகாரச் சுருள்வில் போலத் துள்ளி விரியும். அதன் ஓரம் கட்டைவிரலைக் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. அலுமினியம் துள்ளாது. ஆனால் தன் எடையிலேயே அமுங்கி நசுங்கும்.

முதலில் செய்தது மிக எளிய ஏற்பாடு. 25 மி.மீ. தடியில் அலுமினியத்தைச் சுற்றி, சுவரில் இரண்டு கொக்கி அடித்து அதில் மாட்டினேன். இடம் மிச்சமானது, பார்க்கவும் அழகாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு துண்டு வெட்டி மேசையில் வைத்தேன். அது கரும்புத் துண்டு மாதிரி தன்னையே சுருட்டிக்கொண்டது. கையால் விரித்து மறுபக்கம் வளைத்தால் ஓரிடத்தில் நிமிர்ந்தது, இன்னோரிடத்தில் நெளிந்தது. அந்த நெளிவின் மேல் மயில் வரைய மனம் வரவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தகட்டைச் சுருட்டும்போது வெளிமுகம் நீள்கிறது, உள்முகம் சுருங்குகிறது. எத்தனை நீள்கிறது என்று தெரிய, தகட்டின் கனத்தைச் சுருளின் விட்டத்தால் வகுத்தால் போதும். 0.2-ஐ 25-ஆல் வகுத்தால் 0.008, அதாவது 0.8 சதவீதம். மெதுவான அலுமினியம் ஏறக்குறைய 0.05 சதவீதம் நீண்டாலே பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. நான் அதைப் போல் பதினாறு மடங்கு வளைத்து வைத்திருந்தேன். வளைவு தங்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் வளைவே தங்காத விட்டம் எது? 0.2-ஐ 0.0005-ஆல் வகுத்தால் 400 மி.மீ. வருகிறது. லோரி டயர் நடுவில் இருக்கும் இரும்பு வளையம் மாதிரி ஒன்றை என் சாய்ப்பில் எங்கே வைப்பது? அதனால் நடுவழிக்கு வந்தேன். வீட்டுக் கழிவுநீருக்குப் போடும் நாலு அங்குல பிவிசி குழாயின் வெளிவிட்டம் 110 மி.மீ. ஹார்ட்வேர் கடையில் மிச்சத் துண்டு கேட்டு வாங்கினேன். இதில் சுற்றினால் நீட்சி 0.18 சதவீதம்தான். வளைவு கொஞ்சம் தங்கும், ஆனால் இறுக்கமான குழலாக இல்லாமல் கூரை ஓடு மாதிரி அகன்ற வளைவாக இருக்கும். அதைக் கையாலேயே நிமிர்த்தலாம். 0.1 மி.மீ. விறைப்பான பித்தளைக்கு இந்தக் குழாய் தாராளம், விட்டதும் தட்டையாகவே வந்துவிடுகிறது.

பெரிய குழாய் என்றால் பெட்டியும் பெரிதாகுமே என்று பயந்தேன். அப்படி ஆகவில்லை. 10 மீட்டர் நீளம், 0.2 மி.மீ. கனம் என்றால் பக்கவாட்டில் பார்க்கும்போது மொத்தம் 2,000 சதுர மி.மீ. பரப்பு. அதை 110 மி.மீ. குழாயின் மேல் இறுக்கமாகச் சுற்றினால் விட்டம் 121 மி.மீ. ஆகிறது. அவ்வளவுதான்! கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் 130-ஐத் தாண்டாது. உள்ளே 150 மி.மீ. இடம் விட்டு ஒரு கூடு செய்தால் போதும். எடையும் பெரிதில்லை, அலுமினியச் சுருள் 1.6 கிலோ சொச்சம்.

கூட்டின் மரவேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கப் பலகைகள் 12 மி.மீ. பிளைவுட். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழே இறங்கும் பள்ளம் வெட்டினேன். அச்சு அந்தப் பள்ளத்தில் உட்காரும், சுருளை மாற்ற வேண்டுமென்றால் அப்படியே மேலே தூக்கி எடுக்கலாம். அச்சாக அரை அங்குல தண்ணீர்க் குழாய். பிவிசி குழாயின் இரண்டு வாயிலும் பிளைவுட் வட்டம் வெட்டி அடைத்து, நடுவில் துளை போட்டேன். துளை நடுவில் இல்லாவிட்டால் சுருள் நொண்டிக்கொண்டு சுற்றும். முதல் வட்டத்தில் எனக்கு 2 மி.மீ. தள்ளிப்போனது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வெட்டினேன்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் அரை மீட்டர் செம்பு வீணானது. தகட்டின் தொடக்க முனையைக் குழாயில் டேப் போட்டு ஒட்டினேன். முனையின் கனமும் டேப்பின் கனமும் சேர்ந்து ஒரு சின்னப் படி. அதன் மேல் வந்த ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் படி ஒரு குறுக்குக் கோடாக அச்சாகிவிட்டது. பிறகு குழாயில் நீளவாக்கில் இரும்பறுக்கும் வாளால் ஒரு கீற்று அறுத்து, தகட்டின் முனையை 10 மி.மீ. மடித்து அதற்குள் செருகினேன். படியும் இல்லை, டேப்பும் இல்லை. கீற்றின் விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டித் தேய்க்க மறக்கக்கூடாது.

சுற்றும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மருமகன் தகட்டைப் பிடித்து லேசாக இழுத்துக்கொண்டு வர, நான் குழாயை உருட்டினேன். ஓரம் ஒரு பக்கம் ஏறினால் சுருள் கூம்பு மாதிரி ஆகிவிடும். மூன்று தடவை பிரித்துச் சுற்றினோம். இருவரும் கையுறை போட்டிருந்தோம்.

இனி இந்த வேலையில் எனக்கு அதிகம் வலித்த பகுதி.

தகடு வெளியே வரும் வாயில் ஏதாவது ஒன்று லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இழுத்ததற்கு மேல் உருண்டு வந்துவிடும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி வாயின் மேலும் கீழும் ஒட்டினேன். மீதி டியூபில் ஒரு வளையம் வெட்டிச் செம்புச் சுருளைச் சுற்றியும் மாட்டினேன். பிடி அருமையாக இருந்தது. மூன்று வாரம் கழித்துச் செம்பை இழுத்தபோது ரப்பர் தொட்ட இடமெல்லாம் கறுப்பு வரி. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். மற்ற இடத்து மங்கல் போய்ப் புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது, கறுப்பு வரி மட்டும் போகவில்லை.

காரணம் கந்தகம். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கித்தான் டியூபும் டயரும் செய்கிறார்கள். 1844-இல் சார்லஸ் குட்இயர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. ரப்பரில் மிஞ்சிய கந்தகம் செம்போடு சேர்ந்து செம்பு சல்பைடாகிறது. புளிக்கு அது கரையாது.

பக்கத்து வீட்டு அண்ணன் ரப்பர் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டைக் காய வைக்கும் புகை வீட்டில் இருபது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வரியைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, ரப்பரைக் குத்தம் சொல்லாதே. நாங்க போட்ட ஷீட்டுல கந்தகமே கிடையாது. பாலை வடிகட்டி, ஆசிட் ஊத்தி உறைய வச்சு, உருளையில விட்டுப் புகையில காய வச்சது, அவ்வளவுதான். கந்தகம் எல்லாம் டயர் பண்ற இடத்துல சேக்கிறது."

அவர் சொன்னது சரி. 1877-இல் ரப்பர் கன்று நட்ட கோலகங்சாருக்குப் பக்கத்தில் பிறந்து, பால் மரத்தில் சோறு தின்று வளர்ந்தவன் நான். பச்சை ரப்பருக்கும் பதப்படுத்திய ரப்பருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ஒரு செம்புத் தகடு கறுத்த பிறகுதான் யோசித்தேன்.

கம்பளித் துணி போடலாமா என்று பார்த்தேன். கம்பளி நூலிலும் இயல்பாகவே கந்தகம் உண்டு, அதுவும் வேண்டாம். கடைசியில் நன்றாகத் துவைத்துக் கஞ்சி போன பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து வாயில் ஒட்டினேன். உருளாமல் பிடிக்க, குழாயின் ஓரத்தில் ஒரு பருத்தி நாடாவைச் சுற்றிப் போட்டு, ஒரு முனையைப் பலகையில் கட்டி, மறுமுனையில் நான்கு பெரிய நட்டுகளைத் தொங்கவிட்டேன். நட்டு கூடினால் பிடி கூடும். செம்புக்கு இரண்டு நட்டே போதும்.

அதே அண்ணன்தான் இன்னொரு யோசனையும் கொடுத்தார். ஷீட் உருளையில் இரண்டு உருளைக்கு நடுவே உள்ள இடைவெளியைத் திருகால் கூட்டுவார்கள், குறைப்பார்கள். "வளைஞ்சு வர்றதை வெளியே வரும்போதே எதிர்ப்பக்கம் வளைச்சு விடேன்" என்றார். வாய்க்கு முன்னால் 20 மி.மீ. அலுமினியக் குழாய் மூன்றைப் பொருத்தினேன். கீழே இரண்டு, அவற்றுக்கு நடுவில் மேலே ஒன்று. மேலே உள்ளது இரண்டு பக்கமும் திருகால் ஏறி இறங்கும். தகடு ஓடாக வளைந்து உள்ளே போய், எதிர்ப்பக்கம் வளைக்கப்பட்டு, வெளியே ஏறக்குறைய தட்டையாக வருகிறது. இரண்டு திருகும் ஒரே அளவு இறங்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் இறங்கினால் தகடு வாழை இலை ஓரம் மாதிரி அலை அலையாக வரும். அந்த அளவு பிடிபட ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. இப்போது 300 மி.மீ. அலுமினியத் துண்டை மேசையில் வைத்தால் ஓரங்கள் ஒரு விரல் கனத்துக்குமேல் எழும்புவதில்லை. அடியில் பழைய பத்திரிகைகளை அடுக்கி, குமிழ் முனைக் கோலால் வரையத் தொடங்கிவிடலாம்.

வெட்டுவதற்கு முன்பலகையில் ஒரு அலுமினிய கோணப் பட்டை. அதன் மேல் அளவு நாடாவை ஒட்டிவிட்டேன், இழுக்கும்போதே நீளம் தெரியும். அலுமினியத்தைக் கத்தியால் இரண்டு முறை கீறி, கீறலில் மேலும் கீழும் மடித்தால் நேராக உடைந்து வரும். மெதுவான செம்புக்கு அது ஒத்துவராது, தகரக் கத்தரிதான். வெட்டியதும் சுருளில் மிஞ்சும் முனையை 5 மி.மீ. மடித்துவிடுகிறேன். கைக்கும் பாதுகாப்பு, முனை உள்ளே ஓடியும் போகாது.

ஈரத்தைப் பற்றி ஒன்று. முன்பு அலுமினியச் சுருளைச் சிமெண்டுத் தரையில் வைத்திருந்தபோது சுற்றுகளுக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள் வந்தன. இரவில் குளிர்ந்த தகட்டில் நீர் கோர்த்து, காற்றுப் புகாத இடுக்கில் காயாமல் நிற்பதால் வரும் கறை அது. இப்போது கூடு சுவரிலிருந்து 30 மி.மீ. தள்ளி, இடுப்பு உயரத்தில் தொங்குகிறது. மேலே மூடி உண்டு, ஆனால் அடியில் காற்று போக நான்கு துளைகள். மழை பெய்யும் மாலையில் நான் சுருளை இழுப்பதில்லை.

மூன்று மாதமாக அலுமினியமும் செம்பும் இரண்டு கூடுகளில் இருக்கின்றன. புதுத் திட்டு இல்லை, புது வரி இல்லை. கறுப்பு விழுந்த செம்பை வீசவில்லை. வரி உள்ள இடங்களைப் பார்த்து, மயில் தோகையின் கண்கள் அங்கே வரும்படி வரைந்திருக்கிறேன்.

மிச்சமிருப்பது பித்தளை. அகலம் பாதிதான் என்பதால் அதே கூட்டில் வைத்தால் பக்கவாட்டில் நகர்கிறது. குழாயில் நகர்த்தி நிறுத்தக்கூடிய இரண்டு பிளைவுட் வளையங்கள் வெட்டி வைத்திருக்கிறேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். கட்டு அவிழும்போது துள்ளாமல் பிடிக்க அதற்கும் இரண்டு ஜோடிக் கை வேண்டும்.