150 மீட்டருக்குள்: ஹார்டாங்கர்விட்டா வேட்டை நாட்குறிப்பு

ஜூன் 15

ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் துருவ மான் வேட்டைக்குப் போக, இந்த வருடத்துச் சுடும் பரீட்சை முடிந்தது. நார்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இதில் தேற வேண்டும். முதலில் பயிற்சியாக 30 தோட்டா. அப்புறம் 100 மீட்டரில் நிற்கும் மான் உருவத்தின் நெஞ்சில் 5. ஐந்தும் உள்ளே விழுந்தால்தான் தேர்ச்சி. விழுந்தன.

என் ரைஃபிள் 6.5×55. 1894இல் க்ராக்-யோர்கன்சன் துப்பாக்கியோடு நார்வே ராணுவத்துக்கு வந்த தோட்டா இது. இன்றும் இங்கே வேட்டைக்காரர்கள் விரும்பி வைத்திருப்பது. 100 மீட்டரில் 3 செ.மீ. மேலே விழும்படி, குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் திருகி வைத்திருக்கிறேன். அப்படியானால் 150இல் குறி வைத்த இடத்திலேயே விழும். 200இல் 8 செ.மீ. இறங்கும், 250இல் 22, 300இல் சுமார் 40. 250 என்று நம்பிச் சுட்ட மான் உண்மையில் 300இல் நின்றால் இதயத்துக்குப் போக வேண்டியது முன்னங்காலை உடைக்கும். அது மூன்று காலில் ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். மாமா 150ஐத் தாண்டிச் சுடுவதே இல்லை.

மாமா என்றால் மனைவியின் அப்பா. இந்த ஊரில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. அவரும் 'மாமா'வுக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

ஜூலை 20

மோஸ்வத்ன் ஏரிக்கு மேலே நடைப்பயிற்சி. மாமா ஒரு பாறையைக் காட்டுவார், இருவரும் தூரம் சொல்வோம், அப்புறம் நடந்து காலடி எண்ணி அளப்போம். சமதரையில் எனக்கு 100 மீட்டர் என்பது ஏறக்குறைய 130 காலடி.

மரம் இல்லை, வீடு இல்லை, கம்பம் இல்லை. கண் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது. நடுவில் பள்ளம் மறைந்திருந்தால் அக்கரை கிட்டே வந்துவிடும். வெயில் நம் முதுகில் விழுந்தாலும் கிட்டே. வெயில் முகத்தில் அடித்தாலும் மேகம் மூடினாலும் அதே பாறை தள்ளிப்போகும். படுத்துப் பார்த்தால் இன்னும் தூரம். மாமா ஒரே எண்ணாகச் சொல்லவே மாட்டார். "நிச்சயமாக 120க்கு மேல், நிச்சயமாக 200க்குக் கீழ்" என்று இரண்டு பக்கமும் வேலி போட்டு, நடுவை எடுப்பார். 200க்கு மேல் என்று தோன்றினால் பாதி வழியில் ஒரு கல்லைத் தேடி, அதுவரை மட்டும் மதிப்பிட்டு இரட்டிப்பார். இதில் நான் இப்போது நன்றாகவே தேறியிருக்கிறேன்.

லேசர் தூரமானி வாங்கலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். வாங்கலாம். அது எண்ணைச் சொல்லிவிடும். எண் தெரிந்த கை 280க்கும் துணியும் என்பதுதான் என் பயம்.

ஆகஸ்ட் 24

குடிசைக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் வேட்டை அனுமதிச் சீட்டு பெண் மானுக்கோ இளமானுக்கோ. ரெயின்டீர் என்று நாம் சொல்கிற துருவ மான்தான், ஆனால் வளர்ப்பு மந்தை இல்லை. ஐரோப்பாவின் மிகப் பெரிய காட்டு மந்தைகளில் ஒன்று இந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது.

ராத்திரி, என் துப்பாக்கியில் மாட்டியிருக்கும் மாமாவின் ஸ்கோப்பை மடியில் வைத்துப் படித்தேன். உருப்பெருக்கம் மாறாத பழைய ஜெர்மன் சாமான். இடம், வலம், கீழே என மூன்று தடித்த கட்டைகள், நடுவில் மெல்லிய கம்பி. இடக்கட்டைக்கும் வலக்கட்டைக்கும் நடுவே 100 மீட்டரில் 70 செ.மீ. தெரியும். 150இல் 105. பெண் மானின் உடல், நெஞ்சிலிருந்து பின்தொடை வரை, ஒரு மீட்டருக்குச் சற்று மேல் என்று தான் சுட்டவற்றையெல்லாம் டேப் பிடித்துப் பார்த்துச் சொல்கிறார். பக்கவாட்டில் நிற்கும் மான் இரண்டு கட்டையையும் தொட்டுத் தாண்டினால் 150க்குள். கட்டைகளுக்கு நடுவே அடங்கிவிட்டால் விரலை எடு. கூட்டல் கழித்தல் இல்லை. குளிரில் சாகிற பேட்டரியும் இல்லை. இளமான் சிறியது, அதனால் தூரமாகவே காட்டும். அந்தத் தவறு மானுக்குச் சாதகம். பெரிய ஆண் மானுக்கு இந்தக் கணக்கு ஆபத்து.

ஆகஸ்ட் 25

நாள் முழுக்க மூடுபனி. ஒரு கணவாயில் பழங்காலத்து மறைவிடம் ஒன்றைக் காட்டினார். முழங்கால் உயரத்துக்கு அரைவட்டமாக அடுக்கிய கற்கள். வில்லாளி உள்ளே பதுங்கி, மான் பக்கத்தில் வரும்வரை காத்திருந்திருக்கிறான். உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். முன்னால் தடம் மட்டும்தான் தெரிகிறது, ஒரு கல் எறிந்தால் விழும் தூரத்தில். தூரத்தை அளக்கத் தேவையே இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த ஆட்கள் மேல் பெரிய மரியாதை வந்தது.

ஆகஸ்ட் 26

எதிர்ச் சரிவில் முப்பது நாற்பது மான்கள். வெயில் எங்கள் முதுகில், நடுவே பள்ளம். இரண்டுமே கிட்டே இழுக்கிற சங்கதி, அதனால் கண்ணை நம்பவில்லை. ஓரமாக மேய்ந்த பெண் மான் கட்டைகளுக்கு நடுவே நின்றது, இரு பக்கமும் வெளிச்சம் தெரிந்தது. மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சுற்றிப் போய் நெருங்கலாம் என்று இறங்கும்போது காற்று திரும்பியது. ஒன்று தலை தூக்கியதும் எல்லாம் கிளம்பிவிட்டன.

ஆகஸ்ட் 28

காற்று மேற்கிலிருந்து, மாறவே இல்லை. ஓடைப் பள்ளத்துக்குள் தவழ்ந்து மேலே எட்டிப் பார்த்தால் ஆறு மான்கள். கடைசியில் நின்ற பெண் மான் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தேன். நெஞ்சு இடக்கட்டைக்குள் புதைந்தது, பின்தொடை வலக்கட்டையைத் தாண்டி வழிந்தது. சந்தேகமே இல்லை. முதுகுப்பையில் துப்பாக்கியைத் தாங்கி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் கீழ்ப்பாதியில் வைத்துச் சுட்டேன். பத்து இருபது அடி ஓடி விழுந்தது.

கல்லும் மேடுமாக இருந்ததால் மாமா மெதுவாகக் காலடி எண்ணிக்கொண்டு வந்தார். 110 மீட்டருக்குப் பக்கம் என்றார். அப்புறம் டேப்பை எடுத்து மானை அளந்து, தன் நோட்டில் எழுதிக்கொண்டார். தோட்டா இதயத்தின் மேல்பகுதி வழியாகப் போயிருந்தது.

தலையைத் தனியாகக் கட்டி, மாதிரி எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். மானினங்களின் மூளையை அரிக்கும் நோய் 2016இல் வடக்கே நூர்ஃபியெல்லாவிலும் 2020இல் இங்கேயும் தெரிய வந்தது. அதிலிருந்து சோதனையைத் தட்டிக்கழிக்க யாரும் நினைப்பதில்லை. முடிவு வரும்வரை இறைச்சியைத் தனிப்பையில் போட்டு, சீட்டு எண்ணை எழுதி வைத்திருக்கிறோம்.